உப்புத் தண்ணீர் ஊரில் மூன்றடி மீன் தொட்டி: எந்த ஃபில்டர், எப்படி அமைப்பது?

பல்லடம் கார்த்திகா:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கூடத்தில் வைக்க மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி வாங்கியிருக்கிறோம். மீன் இன்னும் விடவில்லை. பையனுக்குத் தங்கமீன்தான் வேண்டுமாம்.

எங்கள் பகுதியில் ஆற்றுத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். அது குடிக்கவும் சமைக்கவும் சரியாகிவிடும். மற்ற புழக்கத்துக்கெல்லாம் போர் தண்ணீர்தான். மீட்டரை விட்டுப் பார்த்தால் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,200க்குப் பக்கத்தில் காட்டுகிறது. குழாய் முனையெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது.

ஒரு கடையில் கேனிஸ்டர் ஃபில்டர் இல்லாமல் தொட்டியே வைக்காதீர்கள் என்கிறார்கள். இன்னொரு கடையில் பின்பக்கக் கண்ணாடியில் தொங்கவிடும் ஃபில்டர் போதும் என்கிறார்கள். சித்தப்பா, கூழாங்கல்லுக்கு அடியில் தட்டு வைக்கும் பழைய முறைதான் சிறந்தது என்கிறார். குடிநீருக்காக வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது, அதையே தொட்டிக்கு இணைத்துவிட்டால் தனி ஃபில்டர் தேவைப்படாதா என்பது என் சந்தேகம். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நின்றால் மாலையில்தான் வரும், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

சிறுவாணிப் பிரியன், கோவை:

கேனிஸ்டர்தான் சகோதரி, இதில் இரண்டு பேச்சே இல்லை. தொட்டிக்கு வெளியே, மேசைக்குள் மறைவாக இருக்கும். சத்தம் வராது. உள்ளே மூன்று நான்கு தட்டுகள் நிறைய ஊடகம் (பஞ்சு, பீங்கான் வளையம் போன்றவை) போடலாம். என் தொட்டித் தண்ணீர் கண்ணாடியாக நிற்கிறது. ஒரே செலவாகச் செய்துவிடுங்கள்.

நுண்ணுயிர்த் தொழிலாளி, பெருந்துறை:

தொழிற்சாலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன், வீட்டில் தொட்டிகளும் வைத்திருக்கிறேன். இரண்டிலும் நடக்கும் வேலை ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆர்.ஓ. கேள்வி. அந்த இயந்திரம் உள்ளே வரும் தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கிறது, அதோடு அதன் வேலை முடிந்தது. தொட்டிக்குள் மீன் ஒவ்வொரு நொடியும் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். மிஞ்சிய இரையும் கழிவும் அழுகினால் அதுவும் அம்மோனியாதான். இதை அங்கேயே, இரவு பகலாக, மாற்றிக்கொண்டே இருக்க ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் ஃபில்டர். ஆர்.ஓ.வால் அது ஆகாது.

மாற்றும் வேலையைச் செய்பவை நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அளவு மீறினால்தான் கெடுதல். இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து 1890 வாக்கிலேயே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர் காட்டிவிட்டார். ஆனாலும் இன்றைக்கும் கடைகளில் 'தண்ணீர் தெளிவாக இருக்கிறதா' என்று மட்டும்தான் கேட்கிறார்கள். தெளிவான தண்ணீரில் மீன் செத்து மிதப்பதை நான் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன். அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது.

நம் போர் தண்ணீருக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. அம்மோனியா எவ்வளவு கொடியது என்பதைத் தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச்.தான் தீர்மானிக்கிறது. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். அதுவே பி.எச். 8 என்றால் நூற்றில் ஆறு பங்கைத் தாண்டிவிடும். கடினத் தண்ணீர் பெரும்பாலும் 8ஐ ஒட்டியே நிற்பதால் உங்களுக்குப் பிழை பொறுக்கும் இடம் குறைவு. ஃபில்டர் பழுத்த பிறகுதான், அதாவது அதில் நுண்ணுயிர் போதுமான அளவு பெருகிய பிறகுதான் மீன், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆகவே எந்த ஃபில்டர் என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகள்: நுண்ணுயிர் ஒட்டி வாழ எவ்வளவு பரப்பு கிடைக்கிறது, மின்சாரம் நின்றால் அதற்கு யார் காற்று கொடுப்பது?

பல்லடம் கார்த்திகா:

மிக்க நன்றி அண்ணா. ஆர்.ஓ. விஷயம் இப்போது புரிந்தது. அப்படியானால் 1,200 டி.டி.எஸ். தண்ணீரை அப்படியே ஊற்றலாமா? கேனிஸ்டர் வாங்கினால் மின்தடை நாளில் என்ன செய்வது?

சாளைக்காரர், கோபி:

அம்மணி, ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் ஒருமுறை யோசித்துப் பார். விலை குறைவு என்பதால் கடைக்காரர்கள் எடுத்துக் காட்டவே மாட்டார்கள். ஒரு காற்று மோட்டார், ஒரு குழாய், ஒரு பஞ்சு உருளை, அவ்வளவுதான். குழாயில் காற்று மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு ஏறும். அந்தத் தண்ணீர் பஞ்சுக்குள் புகுந்துதான் வர வேண்டும். அழுக்கு வெளியே ஒட்டிக்கொள்ளும், நல்ல கிருமி உள்ளே குடியிருக்கும். தண்ணீருக்குக் காற்றும் கிடைத்துவிடும். குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், பொடிக்குஞ்சைக்கூட இழுக்காது.

எங்கள் சாளையில் (தோட்டத்து வீட்டில்) மின்சாரம் வருவதும் போவதும் அதன் விருப்பம். காற்று மோட்டாருக்கு ஐந்து வாட் இருந்தால் போதும், வீட்டு இன்வெர்ட்டரில் நாள் முழுக்க ஓடும். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வை. கீழே வைத்தால் மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியே திரும்பி மோட்டாருக்குள் இறங்கிவிடும். மேலே வைக்க இடமில்லை என்றால் குழாய் நடுவில் ஒருவழி வால்வு போட்டுவிடு.

சிறுவாணிப் பிரியன், கோவை:

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். ஸ்பாஞ்ச் சின்னத் தொட்டிக்குச் சரி. தங்கமீன் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். மூன்றடித் தொட்டியில் நான்கு தங்கமீன் விட்டால் தரையில் கிடக்கும் கழிவை ஸ்பாஞ்ச் இழுக்காது. ஓட்டம் வேண்டும்.

நுண்ணுயிர்த் தொழிலாளி, பெருந்துறை:

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கணக்கைப் பார்த்துவிடுவோம். அந்த அளவுத் தொட்டியின் கொள்ளளவு சுமார் 190 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். தங்கமீனுக்கு மணிக்கு ஐந்து முறையாவது தண்ணீர் சுற்றி வர வேண்டும், அதாவது மணிக்கு 800 லிட்டர். பெட்டியில் அச்சிட்டிருப்பது ஊடகம் போடாமல், உயரம் ஏற்றாமல் அளந்த எண். பஞ்சும் வளையமும் நிறைந்து குழாய் மேலேறும்போது அது கணிசமாகக் குறையும். எனவே 1,000 லிட்டருக்கு மேல் எழுதியிருப்பதாக வாங்க வேண்டும்.

கேனிஸ்டர் நல்ல கருவிதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது மூடிய டப்பா. மின்சாரம் நின்றால் உள்ளே இருக்கும் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்களே குடித்துத் தீர்த்துவிடும், பிறகு அவையே மூச்சுமுட்டிச் சாகும். காலையில் நின்று மாலையில் மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடி, அந்த அழுகிய தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் கொட்டும். கேனிஸ்டர் வைத்திருப்பவர்கள் நீண்ட மின்தடைக்குப் பிறகு முதலில் குழாயை வாளிக்குள் விட்டு, உள்ளே நின்ற தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் தொட்டிக்கு இணைக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நாளில் இதை யார் செய்வது?

தொங்கும் ஃபில்டருக்கு வேறு தொல்லை. கோடையில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கியிருந்தால், மின்சாரம் வந்ததும் அது தண்ணீரை மேலே இழுக்க முடியாமல் வறட்டு ஓட்டம் ஓடிச் சூடேறும். தொட்டியைக் கழுத்து வரை நிரப்பி வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

கார்த்திகா, உங்களுக்கு என் யோசனை: தொங்கும் ஃபில்டர் ஒன்று, பெரிய ஸ்பாஞ்ச் இரண்டு. ஸ்பாஞ்ச் இரண்டும் இன்வெர்ட்டர் இணைப்பில் ஓடட்டும். ஒன்றைக் கழுவும் மாதத்தில் மற்றதைத் தொட வேண்டாம். தட்டு வைக்கும் முறையும் வேலை செய்யும், உங்கள் சித்தப்பா சொல்வதில் தவறில்லை. ஆனால் தங்கமீன் கல்லைக் கிளறிக்கொண்டே இருக்கும், தட்டுக்கு அடியில் சேறு சேர்ந்தால் தொட்டியையே கலைத்தாக வேண்டும்.

சாளைக்காரர், கோபி:

இதை ஒப்புக்கொள்கிறேன். தங்கமீனுக்கு ஸ்பாஞ்ச் மட்டும் போதாதுதான்.

பல்லடம் கார்த்திகா:

எனக்கு இது சரியாகப் படுகிறது. தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.

நுண்ணுயிர்த் தொழிலாளி, பெருந்துறை:

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500இன்படி டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஆக 1,200 என்பது மீனைக் கொல்லும் எண் அல்ல. கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் அதில் செழிப்பாகவே வளரும். மலாவி ஏரிச் சிக்லிட் மீன்களுக்கும் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் ஆகியவற்றை மட்டும் நினைக்காதீர்கள்.

தங்கமீனும் தாங்கும். ஆனாலும் பாதிப் போர், பாதி ஆர்.ஓ. கலந்தால் 600ஐ ஒட்டி வரும், அது வசதியான இடம். முழு ஆர்.ஓ. ஊற்றக் கூடாது. உப்பே இல்லாத தண்ணீரில் பி.எச். நிலைத்து நிற்காது. மாடியில் மென்னீராக்கும் இயந்திரம் இருந்தால் அந்தத் தண்ணீரையும் தவிர்க்கவும். அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போடுகிறது. மீட்டரில் எண் அப்படியேதான் இருக்கும்.

நம் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே உள்ள போர்களில் உரம் இறங்கி, நைட்ரேட் ஏற்கெனவே கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. குடிநீருக்கே வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். ஊற்றும் தண்ணீரையே ஒருமுறை சோதியுங்கள். இந்த ஃபில்டர்களால் நைட்ரேட்டை எடுக்க முடியாது. தண்ணீர் மாற்றுவதும் செடி வளர்ப்பதும்தான் வழி. மணி பிளாண்ட் கொடியின் வேரைத் தொங்கும் ஃபில்டருக்குள் இறக்கிவிட்டால் நன்றாகவே உறிஞ்சும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. பங்குனி, சித்திரையில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்டப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் டி.டி.எஸ். மாதாமாதம் ஏறும். ஆவியானதற்கு ஆர்.ஓ., மாற்றுவதற்குக் கலவை.

சிறுவாணிப் பிரியன், கோவை:

எங்களுக்கு இந்த உப்புக் கவலை இல்லை. சிறுவாணித் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறேன்.

மலையடிவாரம், மேட்டுப்பாளையம்:

நாங்களும் மென்மையான ஆற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். ஆனால் சில மாதம் நன்றாக ஓடிய தொட்டியில் இப்போது பி.எச். 6க்கு இறங்கிவிட்டது, அம்மோனியாவும் தெரிகிறது. ஃபில்டர் பழசு, நன்றாகப் பழுத்ததுதான். காரணம் பிடிபடவில்லை.

நுண்ணுயிர்த் தொழிலாளி, பெருந்துறை:

நல்ல கேள்வி. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு கிராம் அளவுக்கு, அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை செலவாகும். எங்கள் நிலையத்தில் இதற்காகவே காரத்தை அளந்து சேர்ப்போம். உங்கள் தண்ணீரில் அந்தச் சேமிப்பு முதலிலேயே குறைவு. அது தீர்ந்ததும் பி.எச். சரியும், நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்தும், அம்மோனியா தேங்கும். கிளிஞ்சல் ஓட்டை உடைத்துக் கழுவி, சிறு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். அமிலம் கூடினால் அதுவே கரைந்து ஈடுகட்டும். பி.எச்.சை ஒரே நாளில் உயர்த்திவிடாதீர்கள். தொட்டியில் அம்மோனியா இருக்கும்போது பி.எச். தாவினால் விஷமும் சேர்ந்து தாவும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே செய்யுங்கள். சிறுவாணி நண்பரும் மாதம் ஒருமுறை காரத்தன்மையை அளந்து பார்ப்பது நல்லது.

நகராட்சித் தண்ணீர் ஊற்றுபவர்கள் குளோரினை மறக்க வேண்டாம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. நமக்கு அது நன்மை, ஃபில்டர் நுண்ணுயிருக்கு எமன். ஒரு நாள் முழுக்கக் காற்றடித்து வைத்தால் போய்விடும். அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேட் கரைசல் போதும்.

தறிக்காரர், கரூர்:

வலைப்பை என்றதும் சொல்லத் தோன்றியது. கொசுவலைத் துண்டை வெட்டித் தைத்தால் பீங்கான் வளையம் போட அருமையான பை கிடைக்கும். மக்காது, துருப்பிடிக்காது. ஆனால் மருந்தேற்றிய கொசுவலையை எடுத்துவிடக் கூடாது. அதில் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி, மீனுக்குக் கடும் விஷம். உறையில் மருந்து என்ற சொல் இருந்தாலே ஒதுக்கிவிடுங்கள். தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சும் ஃபில்டருக்கு ஆகும், வாசனையோ பூச்சோ ஏற்றாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பல்லடம் கார்த்திகா:

கடையில் ஃபில்டரோடு கரிப் பொட்டலமும் வாங்கச் சொன்னார்கள். தேவையா?

கரிச்சூளைப் பக்கம், காங்கேயம்:

எங்கள் பகுதியில் கொட்டாங்குச்சியிலிருந்து கரி எடுக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். சூளையில் சுட்ட கரி வேறு, ஆக்டிவேட்டட் கார்பன் வேறு. கரியை மிகுந்த வெப்பத்தில் நீராவி பாய்ச்சி, கண்ணுக்குத் தெரியாத துளைகளைத் திறந்த பிறகுதான் அது ஆக்டிவேட்டட். அடுப்புக்கரியை உடைத்துப் போட்டால் தண்ணீர் கறுக்கும், அவ்வளவுதான்.

நல்ல கார்பன் நிறத்தையும் நாற்றத்தையும் மருந்தின் மிச்சத்தையும் எடுக்கும். அம்மோனியாவையோ உப்பையோ எடுக்காது. சில வாரங்களில் அதன் திறன் தீர்ந்துவிடும். மீனுக்கு நோய் கண்டு மருந்து போட்டு முடித்த பிறகு சில நாள் வைத்து எடுத்துவிடலாம். எப்போதும் தேவையில்லை. அந்த இடத்தில் இன்னும் ஒரு பை பீங்கான் வளையம் போடுங்கள்.

நுண்ணுயிர்த் தொழிலாளி, பெருந்துறை:

அப்படியே வழிமொழிகிறேன். வரிசையும் முக்கியம். தண்ணீர் முதலில் முரட்டுப் பஞ்சையும் அடுத்து மென்பஞ்சையும் கடந்து, கடைசியில் வளையத்துக்குப் போக வேண்டும். அழுக்கு வளையத்தில் படிந்தால் அதன் துளைகள் அடைபட்டு நுண்ணுயிருக்கு இடமில்லாமல் போகும்.

இனிப் பழுக்க வைப்பது. எல்லாவற்றையும் மாட்டி, தண்ணீர் நிரப்பி ஓட விடுங்கள். நுண்ணுயிருக்கு உணவாக அம்மோனியம் குளோரைடு போட வேண்டும். அது வேறொன்றுமில்லை, பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது போடும் நவச்சாரம்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதில் கலப்பு இருக்கலாம், ஆய்வக வேதிப்பொருள் விற்கும் கடையில் வாங்குங்கள். உங்கள் 160 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி ஒன்று அவசியம். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். ஒரு கிராம் போட்ட மறுநாளே இரண்டும் பூஜ்யம் காட்டினால் ஃபில்டர் தயார். நம் வெப்பத்தில் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம்.

சீக்கிரம் வேண்டுமானால், நோயில்லாத பழைய தொட்டியின் பஞ்சைப் பிழிந்த தண்ணீரை உங்கள் ஸ்பாஞ்ச் மேல் ஊற்றுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். புட்டியில் விற்கும் நுண்ணுயிர் வாங்குவதானால் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1998இலேயே தெரிந்துவிட்டது. இன்னமும் சில புட்டிகளில் நைட்ரோபாக்டர் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.

சாளைக்காரர், கோபி:

எங்கள் தொட்டிப் பஞ்சைத் தரலாம், அந்தப் பக்கம் வருபவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். ஒரு போசியில் தொட்டித் தண்ணீரோடு போட்டால் வந்து சேரும் வரை தாங்கும், மூடியை இறுக்க வேண்டாம். கழுவும் முறையையும் தெரிந்துகொள் அம்மணி. ஸ்பாஞ்சைக் குழாயடியில் காட்டாதே. தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீர் ஒரு வாளி இருக்குமே, அதற்குள் முக்கி, மெதுவாக நாலு அமுக்கு அமுக்கு. காப்பி நிறத்தில் அழுக்கு இறங்கும். முழுக்க வெளுக்கும்வரை பிழியாமல் அந்த அளவில் நிறுத்திவிடு. வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்று.

மோட்டார் பட்டறை, சிங்காநல்லூர்:

பம்பு வேலைதான் என் பிழைப்பு, ஒரு விஷயம் சேர்க்கிறேன். உப்புத் தண்ணீர் ஊரில் தொங்கும் ஃபில்டர் முதலில் நிற்பது, தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கையான இம்பெல்லரில்தான். காந்த உருளைக்கும் அது சுழலும் குழிக்கும் இடையே நூலிழை இடைவெளிதான் இருக்கும். அங்கே உப்பு படிந்ததும் கரகரவென்று சத்தம் வரும், ஓட்டம் குறையும், ஒரு நாள் மின்தடை முடிந்து வந்த மின்சாரத்தில் திரும்பக் கிளம்பாது. பலர் மோட்டார் எரிந்துவிட்டது என்று தூக்கி எறிகிறார்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திருகினால் இம்பெல்லர் கையோடு வரும். நடுவில் இருக்கும் பீங்கான் தண்டு மெல்லியது, பக்கவாட்டில் நெம்பினால் ஒடிந்துவிடும், நேராக இழுக்க வேண்டும். இம்பெல்லரை வெள்ளை வினிகரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் படிவு உதிரும். குழிக்குள் காதுகுடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்துச் சுற்றுங்கள். நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் மோட்டார் பல ஆண்டு உழைக்கும்.

மின்கம்பி பிளக்கை விடக் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் இறங்காது. வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாவிட்டால் தொட்டிக்கு முன்னால் அதைப் போடுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று பையனுக்கும் சொல்லி வையுங்கள்.

பல்லடம் கார்த்திகா:

எல்லோருக்கும் நன்றி. கோபி ஐயா கொடுத்தனுப்பிய பஞ்சு வந்து சேர்ந்து, ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மோனியா மறுநாளே பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. நைட்ரைட் மட்டும் இன்னும் ஊதா நிறம் காட்டுகிறது. பையன் மீன் கேட்டு அடம்பிடிக்கிறான். இரண்டு மட்டும் விடலாமா?

நுண்ணுயிர்த் தொழிலாளி, பெருந்துறை:

வேண்டாம். நைட்ரைட் இரத்தத்தில் ஏறினால் ஆக்சிஜனைச் சுமக்க விடாது, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இரண்டாவது கூட்டம் எப்போதும் தாமதமாகத்தான் வளரும். நவச்சாரத்தைப் பாதியாகக் குறைத்து இரண்டு நாளுக்கு ஒருமுறை போடுங்கள். நைட்ரைட் பூஜ்யம் ஆனதும் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு இரண்டு தங்கமீன் விடுங்கள். முதல் வாரம் இரை கொஞ்சமாக, தினம் ஒரு சோதனை. அந்தத் தொட்டிக்கு மொத்தம் மூன்றே போதும். நான்காவது வேண்டும் என்று பையன் கேட்டால் கப்பிக்குத் தனித் தொட்டி வைத்துக் கொடுங்கள், உங்கள் போர் தண்ணீரே அதற்குப் பொருந்தும்.